எட்டாத குத்தைத் தட்டும் பழக்கம்

மாலை ஐந்தரை மணி, பாடசாலை மண்டபம், கராத்தே வகுப்பு. இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கிறது. ஒரு வரிசை ஓரடி எடுத்து வைத்து முகத்துக்குக் குத்துகிறது. மற்ற வரிசை ஓரடி பின்வாங்கி மேலே தட்டுகிறது. எண்ணிக்கைச் சத்தத்துக்கு உடுப்பெல்லாம் ஒன்றாய்ப் படபடக்க, வாசலில் நிற்கும் பெற்றோருக்கு நல்ல சந்தோஷம். இந்த நேரத்தில் தட்டுகிற வரிசையிடம் ஒன்றே ஒன்று சொல்லிப் பாருங்கள்: "அசையாம நில்லுங்க. தட்டவும் வேணாம், பின்னுக்குப் போகவும் வேணாம்." குத்துகிறவர்கள் வழக்கம்போலவே குத்தட்டும்.

முட்டிகளில் பல மூக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். சில காதோரமாய்ப் போகும். மாதக்கணக்காய்த் தட்டிக்கொண்டிருந்தது தன்னைத் தொடவே போகாத குத்தை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கும்.

இதில் இரண்டு பேரும் பழுதாகிறார்கள். தட்டுகிறவனுடைய கண் ஆபத்தான தூரம் எது என்பதைப் பிழையாய்ப் பதிந்து வைத்திருக்கிறது. குத்துகிறவனுடைய கை, ஆளுக்கு முன்னால் நின்றுவிடுவதைத்தான் குத்து என்று பழகியிருக்கிறது. திருத்துவது கஷ்டமில்லை. வேகத்தைப் பாதியாய்க் குறைத்து, கையுறை போட்டு, தட்டாவிட்டால் நெற்றியில் மெல்லத் தொடுகிற தூரத்துக்குக் குத்தைக் கொண்டுபோகச் சொன்னால் போதும். அன்றைக்கே பின்வாங்குகிற கால் மாறும். ஆனாலும் வருவது எந்தக் கை, எந்த எண்ணிக்கைக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிற பயிற்சிதான் இதுவும். தெரியாமல் வருவதற்குப் பழக ஒரே வழி, தொடவிடாமல் பார்த்துக்கொள்கிற ஓர் ஆளைத் தொட முயல்வது. ஸ்பாரிங், குமித்தே, ஃபைட் என்று அவரவர் வகுப்பில் ஒரு பெயர் இருக்கிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கராத்தே, டைக்குவாண்டோ, குத்துச்சண்டை, சிலம்பம் என்று வகுப்புகளுக்குக் குறைவில்லை. பெல்ட் ஏறுகிறது, காட்டா (எதிராளி இல்லாமல் தனியே செய்கிற அசைவு வரிசை) வடிவாய் இருக்கிறது, விளையாட்டு விழாவில் ஓடு உடைக்கிறார்கள். ஸ்பாரிங் என்று வரும்போது இரண்டு பிழைகளில் ஒன்றுதான் நடக்கிறது. ஒன்றில் அடியோடு இல்லை. இல்லாவிட்டால், சுற்றுப்போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திடீரென்று முழு வேகத்தில் தொடங்கி, இரண்டு மூக்கு உடைந்து, நாலு பிள்ளைகள் வகுப்பை விட்டுப் போன பிறகு நின்றுவிடுகிறது. இரண்டாவது முதலாவதைவிடக் கெடுதி. "ஸ்பாரிங் என்றால் அடிவாங்குவது" என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

கண்ணால் பார்த்து ஒரு சாதாரண சைகைக்குக் கை அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எதைச் செய்வதென்று தெரிவுசெய்ய வேண்டியிருந்தால் இன்னும் கூடும். கிட்ட நிற்கிற தேர்ந்த ஆளின் நேர்க்குத்து கிட்டத்தட்ட அதே நேரத்துக்குள் முகத்துக்கு வந்துவிடும். ஆகவே முட்டியைப் பார்த்துத் தட்டுவேன் என்பது நடக்கிற காரியம் இல்லை. அனுபவசாலி முட்டியைப் பார்ப்பதே இல்லை. எதிராளியின் நெஞ்சுப் பக்கம் பார்வையை வைத்து, தோள் எழும்புவதையும் முன்கால் நகர்வதையும் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போவதையும் பிடிக்கிறான். அதற்கும் மேலாக, எதிராளி ஓரடி வைக்காமல் தொடமுடியாத தூரத்தில் நின்றுகொள்கிறான். அந்த ஓரடிதான் அவனுக்குக் கிடைக்கிற நேரம். காற்றில் எத்தனை ஆயிரம் குத்துக் குத்தினாலும் இந்தத் தூரக்கணக்கு உடம்பில் ஏறாது.

இந்தச் சிக்கல் பழையது, தீர்வும் பழையது. யப்பானில் வாள்பயிற்சிக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளுக்கும் கவசத்துக்கும் மாறினார்கள். ஆளைக் கொல்லாமல் முழு வேகத்தில் வெட்டிப் பழக வேறு வழி இருக்கவில்லை. அதே நூற்றாண்டில், 1740களில், லண்டனில் ஜக் புரோட்டன் என்ற குத்துச்சண்டைக்காரர் தன்னிடம் பழக வந்த கனவான்களின் முகம் கெடாமலிருக்கப் பஞ்சுக் கையுறையைக் கொண்டுவந்தார். யூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் கொடோகான் என்ற தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையிலிருந்த கண்ணைக் குத்துவது, மூட்டை முறிப்பது போன்றவற்றைக் காட்டாவில் ஒதுக்கி வைத்து, மிச்சமிருந்த எறிதல்களையும் பிடிகளையும் ரண்டோரி என்ற தடையற்ற பயிற்சியில் போட்டார். ஆபத்தான பத்து நுட்பத்தை நடிப்பாய்ப் பழகியவனைவிட, ஆபத்துக் குறைந்த நாலை எதிர்க்கிற ஆளிடம் நூறு தரம் செய்து பார்த்தவன் வலுவாய் வருவான் என்பது அவர் போட்ட கணக்கு. யூடோ இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

"எங்கட கலை ஆபத்தானது, அதால ஃபைட் போட ஏலாது" என்று சொல்கிற வகுப்புகள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி, முதன்முதலாய்க் கையுறை போட்டு நிற்கிற பிள்ளையைக் கிட்ட நின்று பார்ப்போம். முதல் 20 விநாடிக்குள் என்னென்ன பிழைக்கும் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தோள் இரண்டும் காதுக்கு ஏறும். மூச்சு நிற்கும். நாடி மேலே தூக்கும். குத்து வரும்போது கண் மூடும். அடுத்ததாக, வருகிற கையைப் பிடிக்கப் போவதுபோல இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டும். கடைசியில் முதுகைக் காட்டித் திரும்பும். ஒரு நிமிடத்தில் இளைத்துப் போய், "களைக்குது மாஸ்டர்" என்று நிற்கும். மூன்று கிலோமீற்றர் ஓடுகிற பிள்ளை ஒரு நிமிடத்தில் இளைப்பதற்குக் காரணம் உடற்தகுதிக் குறைவு இல்லை. அது மூச்சு விடவேயில்லை.

கண்ணுக்கும் மூச்சுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. பிள்ளை இரண்டு கையையும் முகத்துக்கு முன் காவலாய் வைத்து நிற்க, சோடியாள் அந்தக் கையுறைகளின் மேல் மாறி மாறி, ஒழுங்கில்லாத இடைவெளியில் மெல்லத் தட்டவேண்டும். ஒவ்வொரு தட்டையும் பிள்ளை வாய்விட்டு எண்ணவேண்டும். 2 நிமிடம். கண்ணை மூடினால் எண்ணிக்கை பிழைக்கும், எண்ணினால் மூச்சு தானாய் வெளியே வரும். நாலைந்து வகுப்பில் கண் திறந்துவிடும்.

முதுகைக் காட்டுவதை முதல் நாளே நிறுத்த வேண்டும். பிடரியில் விழுகிற அடி குத்துச்சண்டையில் தடை, ஆனால் திரும்புகிறவன் தானே பிடரியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். திரும்பினால் உடனே "நிற்பாட்டு" என்ற சத்தம் வரவேண்டும், ஒவ்வொரு தரமும். நேரே பின்னுக்கு ஓடுவது அடுத்த வருத்தம். முன்னுக்கு வருகிற ஆள் பின்னுக்குப் போகிறவனைவிட எப்போதும் வேகம். இரண்டடி பின்வாங்கினால் மூன்றாவது அடி பக்கத்துக்குப் போகவேண்டும் என்று விதி வைத்து, பின்னால் சோக்கட்டியால் ஒரு கோடு கீறி, கோட்டைத் தாண்டுகிறவருக்கு 5 தண்டால் என்றால் கால் தானாய் வளையும்.

காட்டா நன்றாய்ச் செய்கிற பிள்ளைகளுக்கென்று தனியாய் ஒரு பிழை இருக்கிறது: ஒரு கை குத்தும்போது மற்றக் கை இடுப்புக்குப் போய்விடும். காட்டாவில் அந்தக் கை சும்மா போவதில்லை. எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்து இழுத்துவருகிற கை அது. கையில் ஒன்றுமில்லாமல், இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று அதை இடுப்புக்குக் கொண்டுபோனால் முகம் திறந்து கிடக்கும். இதை வாயால் விளங்கப்படுத்த மணித்தியாலம் தேவைப்படும். ஸ்பாரிங்கில் ஒரு மெல்லிய தொடுகை போதும். காட்டா வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தக் கை ஏன் இடுப்புக்கு வருகிறது என்று பிள்ளை முதன்முதலாய்க் கேட்பது அந்தத் தொடுகைக்குப் பிறகுதான்.

அடியின் பலத்தை எப்படி அளப்பது? "30 வீதத்தில் அடி" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. 85 கிலோ ஆளின் 30 வீதமும் 50 கிலோ ஆளின் 30 வீதமும் ஒன்றா? அதோடு மனிதருக்குத் தன் கையின் பலம் குறைவாய்த்தான் தெரியும். 2003இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த லண்டன் ஆய்வொன்றில், இரண்டு பேரை மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வைத்து, தனக்குக் கிடைத்த அதே அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு பேரும் அதே அளவுதான் கொடுத்ததாக நினைத்தார்கள். அழுத்தமோ ஒவ்வொரு முறையும் சராசரியாக 38 வீதம் ஏறிக்கொண்டே போனது. "மாஸ்டர், அவன்தான் முதல்ல ஓங்கி அடிச்சவன்" என்று இரண்டு பேருமே முறையிடுவதில் பொய் இல்லை. இருவரும் உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே பலத்தை வாங்குகிறவர் பக்கத்திலிருந்து அளக்கவேண்டும். முகத்தில் பட்டால் கையுறையின் தோல் தொட்டது தெரியவேண்டும், தலை அசையக்கூடாது. வயிற்றில் பட்டால் மூச்சு முட்டக்கூடாது. எடை குறைந்தவர் வைப்பதுதான் அளவு. அவர் "மெல்ல" என்று ஒரு சொல் சொன்னால் மற்றவர் காரணம் கேட்கக்கூடாது. வேகம் ஏறுவது தெரிந்தால் ஆசிரியர் சண்டையை நிறுத்த வேண்டியதில்லை. இருவரையும் 10 விநாடி நடக்கவிட்டு, அடுத்த நிமிடத்தை இடது கையால் மட்டும் விளையாடச் சொன்னால் சூடு இறங்கிவிடும்.

புதியவரை நேரே தடையற்ற ஸ்பாரிங்கில் விடக்கூடாது. முதல் மாதம் தோளையும் முழங்காலையும் தொடுகிற விளையாட்டு: திறந்த கை, 1 நிமிடச் சுற்று, முகம் இல்லை. சின்னப் பிள்ளைகள் இதைச் சண்டை என்றே நினைக்கமாட்டார்கள், சிரித்துக்கொண்டே தூரம் பழகிவிடுவார்கள். பிறகு, ஒருவருக்கு முன்கைக் குத்து (முன்னால் வைத்திருக்கிற கையால் குத்துவது) மட்டும், மற்றவருக்குக் கால்வேலை மட்டும். குத்து எப்போது வரும் என்பது மட்டும் தெரியாது. அதற்குப் பிறகு இருவருக்கும் முன்கை. பிறகு முன்கையும் ஒரு உதையும். இப்படி ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் போனால் மூன்றாம், நாலாம் மாதத்தில் மெல்லிய தடையற்ற ஸ்பாரிங் வந்துவிடும். அந்த நிலையில் சொல்லி வைத்தாற்போல எல்லாரும் தங்களுக்குக் கைவந்த ஒரே அடியையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். ஒரு சுற்றுக்கு அந்த அடியைத் தடை செய்வதுதான் அவர்களுக்கு உதவி.

வாரத்துக்கு 3 வகுப்பு என்றால் அதில் ஒன்றிலோ இரண்டிலோ 2 நிமிடச் சுற்று 6, இடையில் 1 நிமிட ஓய்வு. மொத்தம் 17 நிமிடம். ஒவ்வொரு சுற்றுக்கும் சோடி மாறவேண்டும், கட்டாயம். ஒரே நண்பனோடு ஒரு வருடம் ஃபைட் போட்டவன் அந்த நண்பனின் பழக்கங்களை மட்டுமே படித்திருப்பான். கடும் ஸ்பாரிங் போட்டிக்குப் போகிறவருக்கு மட்டும், அதுவும் போட்டிக்குச் சில வாரம் முன், அளந்து. போட்டிக்குப் போகாத பிள்ளைக்கு அது தேவையே இல்லை. 12 வயதுக்குக் கீழே தலைக்கு அடி வேண்டாம் என்பதில் விட்டுக்கொடுக்கக்கூடாது.

போட்டி என்றதும் ஒரு விடயம். உலகக் கராத்தே சம்மேளன விதியில் 8 மீற்றருக்கு 8 மீற்றர் களம். அடியின் தரத்துக்கு ஏற்பப் புள்ளி: யூக்கோ என்றால் 1, வசா-அரி 2, இப்போன் 3. இந்தப் புள்ளிக் கணக்குக்காகத் துள்ளித் துள்ளி நின்று, ஒரு தொடுகை எடுத்ததும் கையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற பழக்கம் வரும். அது அந்த விளையாட்டுக்குச் சரி. வகுப்பிலும் அதையே செய்தால் தொட்ட பிறகு வருகிற அடிக்குப் பதில் இல்லாமல் போகும். ஆனால் ஒன்றில் அந்த விளையாட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பாடம் நடத்துகிறது: கட்டுப்பாடு. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஓகஸ்ட் 7ஆம் திகதி, 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதியில் சவூதியின் தாரெக் ஹமேதி 4க்கு 1 என்று முன்னால் நின்றார். அவருடைய உதையொன்று தலையில் பட்டு ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே நினைவிழந்து விழுந்தார். கட்டுப்பாடற்ற தாக்குதல் என்று ஹமேதி தகுதிநீக்கம் செய்யப்பட, தங்கம் விழுந்து கிடந்தவருக்குப் போனது.

சிலம்பத்திலும் இதே கதைதான். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி என்று பெயரோடு வழிவழியாய் வந்த கலை. கலியாணத்திலும் கொண்டாட்டத்திலும் பொல்லடியோடு சேர்த்துக் காட்டுவார்கள். கம்பு சுழல்வதைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். ஆனால் சுழற்றுகிறவன் எதிரில் இன்னொரு கம்பு இல்லாமலே சுழற்றிப் பழகினால், தன் கம்பின் நுனி எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. நெற்றி உயரக் கம்பின் இரண்டு நுனியிலும் பழந்துணி சுற்றிக் கட்டி, கரித்தூளில் தோய்த்து, வெள்ளை பெனியன் போட்ட இரண்டு பேரை 1 நிமிடம் மெல்ல விளையாடவிடுங்கள். முடிவில் பெனியனில் கரியைத் தேடினால் வழக்கு முடிந்தது. கண்ணுக்கு நெருக்கமான கம்பிவலை உள்ள தலைக்கவசம் இல்லாமல் மட்டும் இதைச் செய்யக்கூடாது. கிரிக்கெட் ஹெல்மெட்டை நம்ப வேண்டாம், கம்பி இடைவெளிக்குள் மெல்லிய கம்பு நுழைந்துவிடும்.

உபகரணத்தில் முதல் காசு பற்களுக்கு. சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கிற மவுத் கார்ட் போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பெட்டியில் போட்டிருக்கிற விநாடிக் கணக்குக்கு மட்டும் உள்ளே வைத்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருதரம் தோய்த்து, மேற்பல்லில் பொருத்திக் கடித்து, வெளியிலிருந்து விரலால் கன்னத்தோடு அழுத்தி, உள்ளே காற்றை உறிஞ்ச வேண்டும். வாயைத் திறந்தால் கீழே விழக்கூடாது. விழுந்தால் திரும்பச் செய்யவேண்டும். குத்து ஸ்பாரிங்குக்கு வளர்ந்தவருக்கு 16 அவுன்ஸ் கையுறை. 10 அவுன்ஸ் கையுறை பைக்குக் குத்த, ஆளுக்கு இல்லை. ஆண்களுக்குக் கவட்டுக் காப்பு, பெண்களுக்கு நெஞ்சுக் காப்பு, உதை இருந்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்குப் பட்டை. தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. கவசம் போட்டதும் "இனி ஓங்கி அடிக்கலாம்" என்று நினைக்கிற வகுப்பில் கவசம் இல்லாமலிருப்பதே மேல். பர்தா போடுகிற பிள்ளைகள் குத்தூசி ஒன்றும் இல்லாத, இழுத்துப் போடுகிற விளையாட்டு முக்காடு போடவேண்டும். காது தோடு, வளையல், கையில் கட்டின நூல்கூடக் கழற்ற முடியுமானால் நல்லது.

மண்டபத்துத் தரை சீமெந்து. குத்தில் விழுகிற பாதிப்பைவிடத் தலை தரையில் மோதுகிற பாதிப்புப் பெரிது. சீமெந்தில் காலைத் தட்டி விழுத்துவது, எறிவது இரண்டும் வேண்டாம். பொருத்து மெத்தை 20 மில்லிமீற்றர் இருந்தால் குத்துக்கும் உதைக்கும் போதும், எறிதலுக்கு 40. கல்லடிக் கடற்கரையில் மாலையில் ஃபைட் போடுகிற வழக்கமும் இருக்கிறது. விழுந்தால் நோகாது, காலுக்கு நல்ல உழைப்பு. ஆனால் மணலில் கால் புதையும், ஓரடி வைக்கிற நேரம் நீளும், பழகுகிற தூரக்கணக்கு முழுக்க மணல்கணக்காய்ப் போகும். கணுக்கால் வேறு பிரளும். மாதத்துக்கு ஒரு நாள் விளையாட்டுக்குப் போதும்.

எங்கள் பக்கத்து வெயிலை மறந்து அட்டவணை போடக்கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மூன்று மணிக்கு மண்டபத்துக்குள் சுற்று வைப்பது முட்டாள்தனம். ஐந்து மணிக்குப் பிறகு, யன்னல் எல்லாம் திறந்து, 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு தண்ணீர். நன்றாய் வியர்த்தவருக்கு இளநீர், அல்லது உறையில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்த ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தூள்). வியர்வை நின்று தோல் சுட்டால், பேச்சுக் குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசிக்கொண்டே வைத்தியத்துக்கு ஏற்றவேண்டும். மாரியில் வேறு தொல்லை. கையுறை காயாது. பையில் போட்டு மூடி வைத்தால் மூன்றாம் நாள் மணம் சொல்லும். பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வைக்கவேண்டும். படர்தாமரை ஒரு ஆளில் வந்தால் ஒரு மாதத்தில் வகுப்பு முழுக்க வரும். வட்டமாய்ச் சிவந்து ஓரம் செதிலாய் இருந்தால் மருந்து பூசி ஆறும்வரை சோடி இல்லை. 5 வீத ப்ளீச் திரவத்தில் 20 மில்லிலீற்றரை 1 லீற்றர் தண்ணீரில் கலந்து மெத்தையைத் துடைத்து, 10 நிமிடம் விட்டு, வெறுந்தண்ணீரால் திரும்பத் துடைக்கலாம்.

கடைசியாய்த் தலை. அடிபட்ட பிள்ளை நினைவிழந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் நினைவு போகாது. வெறித்த பார்வை, தடுமாற்றம், "இப்ப எத்தனையாவது சுற்று?" என்று கேட்டால் பிந்தி வருகிற பதில், தலைவலி, வெளிச்சம் பிடிக்காமை. இவற்றில் ஒன்று தெரிந்தாலே அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி முடிந்தது, "எனக்கு ஒண்டுமில்ல மாஸ்டர்" என்று எத்தனை தரம் சொன்னாலும். தனியே சைக்கிளில் வீட்டுக்கு விடக்கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாய் இருப்பது, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுக்கவேண்டும். ஒன்றும் பெரிதாய் இல்லாவிட்டாலும் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு, பிறகு நடை, மெல்லிய ஓட்டம், தனியே காட்டா, பைக்குக் குத்துவது என்று படிப்படியாய், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. ஆளோடு ஃபைட் போடுவது வைத்தியர் சரி சொன்ன பிறகுதான்.

இதற்கெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஒவ்வொரு வகுப்பிலும் யார் யாரோடு எத்தனை சுற்று என்று எழுதினால், ஒரே இரண்டு பேர் எப்போதும் சோடி சேர்வதும், ஒரு பிள்ளை மூன்று வாரமாய்ச் சுற்றுக்கு வராமல் மூலையில் நிற்பதும் தெரியவரும். தலையில் பலமாய்ப் பட்டவரின் பெயரை அன்றைய திகதியோடு சிவப்புப் பேனையால் எழுதவேண்டும். அடுத்த வகுப்பில் கையுறைப் பெட்டியைத் திறக்க முன் அந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும்.